தொடக்க ஜோடியைக் கலைக்கும் முன்

ஒரு டெஸ்ட் அணி தோற்கத் தொடங்கிவிட்டால் முதலில் உருளும் தலை ஓப்பனருடையதாகத்தான், அதாவது இன்னிங்ஸைத் தொடங்கும் இருவரில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். அவர் தோற்பது எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டுவிடுகிறது. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 12 என்று நின்றுவிட்டால் போதும். அதற்குப் பிறகு நடுவரிசையில் ஒருவர் தூக்கியடித்து அவுட்டானதும், ஸ்லிப்பில் நழுவிய கேட்சுகளும், எதிரணியின் கடைசி இரண்டு விக்கெட்டுகள் 90 ரன் சேர்த்ததும் மங்கிப்போகும். அடுத்த டெஸ்டுக்கு அணி அறிவிக்கப்படும்போது ஓப்பனரின் பெயர் இருக்காது. அவருடைய இடத்துக்கு வந்தவரும் ஐந்தாறு டெஸ்டில் போய்விடுவார்.

இதைப் பல அணிகளில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் மிகக் கடினமான வேலையை ஒருவரிடம் கொடுக்கிறோம். அப்புறம், நன்றாகத் தூங்கி எழுந்து பழைய பந்தை ஆடியவரை அளக்கும் அதே அளவுகோலால் அவரையும் அளக்கிறோம்.

ஓப்பனரின் வேலை என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒன்றரை நாள் வெயிலில் ஃபீல்டிங் செய்திருப்பார். எதிரணி போதுமான ரன் சேர்ந்துவிட்டது என்று இன்னிங்ஸை டிக்ளேர் செய்து முடித்தால், இன்னிங்ஸ் இடைவேளையின் 10 நிமிடத்துக்குள் பேடு கட்டிக்கொண்டு திரும்ப வர வேண்டும். ஆட்டம் முடிய ஏழெட்டு ஓவர்தான் பாக்கி. வேகப்பந்து வீச்சாளர் இருவரும் அந்த நேரத்துக்காகவே ஓய்வெடுத்துக் காத்திருப்பார்கள். மட்டையின் விளிம்பில் பட்டு வரும் கேட்சுக்காக மூன்று ஸ்லிப், ஒரு கல்லி. பந்து கெட்டியாக இருக்கும், தையல் நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் அவர் எடுக்கும் 6 ரன்னுக்கு ஸ்கோர்போர்டில் எந்த மரியாதையும் இல்லை. மறுநாள் காலை அவர் திரும்ப ஆட வருகிறார் என்பதுதான் அவருடைய அன்றைய சம்பாத்தியம்.

அதனால், தடுமாறும் அணிக்கு ஓப்பனர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: 4ஆம் எண் ஆட்டக்காரர் களத்துக்கு வரும்போது பந்து எத்தனை ஓவர் பழசாக இருக்கிறது? நல்ல நிலையில் இருக்கும் அணிக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 2 விக்கெட்டுக்கு 15 என்று ஆனாலும் நடுவரிசை தூக்கி நிறுத்திவிடும். பலவீனமான அணியின் நடுவரிசையில் உருப்படியாக ஆடக்கூடியவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் 5ஆவது ஓவரில் வந்தால் ஒரு கதை, 25ஆவது ஓவரில் வந்தால் வேறு கதை.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 8 ரன் எடுத்த ஓர் இன்னிங்ஸ். 2018 டிசம்பர், மெல்போர்ன். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடர் 1-1. பெர்த் டெஸ்டில் இந்தியா 146 ரன்னில் தோற்றிருந்தது. முரளி விஜய், கே.எல். ராகுல் இருவரும் ரன் எடுக்கவில்லை. பிரித்வி ஷா கணுக்காலில் அடிபட்டு ஏற்கெனவே விலகியிருந்தார். இருந்த ஜோடியை மொத்தமாக மாற்றினார்கள். மயங்க் அகர்வாலுக்கு அதுதான் முதல் டெஸ்ட். அவரோடு இறங்கியவர் ஹனுமா விஹாரி, நடுவரிசை ஆட்டக்காரர். விஹாரி 66 பந்துகளைச் சந்தித்து 8 ரன் எடுத்தார். கம்மின்ஸின் எகிறிய பந்தில் கேட்ச் கொடுத்து வெளியேறும்போது ஸ்கோர் 40. ஆனால் கிட்டத்தட்ட 19 ஓவர் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த புஜாரா 319 பந்துகள் நின்று 106 எடுத்தார். அகர்வால் 76. இந்தியா 7 விக்கெட்டுக்கு 443 எடுத்து டிக்ளேர் செய்தது. பும்ரா 33 ரன்னுக்கு 6 விக்கெட். 137 ரன்னில் வெற்றி, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றிக்கு வழி.

விஹாரியின் அந்த 8 ரன்னைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அது ஓர் அரைசதத்துக்குச் சமம். அவரிடம் கேட்கப்பட்ட வேலை தெளிவாக இருந்தது, அவர் அதைச் செய்தார். அடுத்த சிட்னி டெஸ்டில் அவரை மீண்டும் நடுவரிசைக்கே அனுப்பினார்கள். ராகுல் மீண்டும் தொடக்கத்துக்கு வந்தார். அவசரத்துக்குக் கேட்ட உதவியை அவசரம் தீர்ந்ததும் முடித்துக்கொண்டது சரியான செயல்.

இன்னும் பின்னால் போனால் சேத்தன் சௌகான். 40 டெஸ்ட், 2084 ரன், ஒரு சதம்கூட இல்லை. அதிகபட்சம் 97. இன்றைய பேச்சு வழக்கில் 'சதம் அடிக்கத் தெரியாதவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் கவாஸ்கரோடு சேர்ந்து தொடக்க விக்கெட்டுக்கு 3000 ரன்னுக்கு மேல் சேர்த்தவர் அவர். 1979இல் ஓவல் மைதானத்தில் 438 என்ற இலக்கைத் துரத்தியபோது இருவரும் சேர்த்தது 213. சௌகான் பங்கு 80. கவாஸ்கரின் 221 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்தியா 8 விக்கெட்டுக்கு 429 எடுத்து வெற்றிக்கு 9 ரன் தூரத்தில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. மறுமுனையில் ஒருவர் அவ்வளவு நேரம் விக்கெட்டைக் கொடுக்காமல் நின்றதால்தான் இது எல்லாம் நடந்தது. ஓப்பனர்களை ஜோடியாகத்தான் எடைபோட வேண்டும் என்பதற்கு சௌகானைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, தவறான வழிக்கு வருவோம். அதில் இங்கிலாந்தைப்போல நீளமான பாடம் யாரிடமும் இல்லை.

2012 ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் ஓய்வு பெற்றார். அலஸ்டர் குக்குக்கு ஒரு துணை வேண்டும். அதற்குப் பிறகு குக் 2018 செப்டம்பரில் ஓய்வு பெறும்வரை அவரோடு இறங்கியவர்களை வரிசையாகச் சொல்கிறேன்: காம்ப்டன், ரூட், கார்பெரி, ராப்சன், டிராட், லித், மொயின் அலி, ஹேல்ஸ், டக்கெட், ஹசீப் ஹமீத், ஜென்னிங்ஸ், ஸ்டோன்மன். ஆறு வருடத்தில் 12 பேர். இவர்களில் பாதிப் பேர் திறமையில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காம்ப்டன் 2013இல் நியூசிலாந்தில் அடுத்தடுத்து இரண்டு சதம் அடித்தார். சில மாதத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடருக்கு முன்பே, அணியில் இல்லை. ராப்சன் தன் இரண்டாவது டெஸ்டில் 127 எடுத்தார். லித்தும் தன் இரண்டாவது டெஸ்டில் 107. இருவருக்கும் கிடைத்தது ஆளுக்கு 7 டெஸ்ட். ஜென்னிங்ஸ் மும்பையில் அறிமுக இன்னிங்ஸிலேயே 112.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் வலிப்பது மைக்கேல் கார்பெரி. 2013-14 ஆஷஸ், ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஜான்சன் 37 விக்கெட் எடுத்த தொடர். இங்கிலாந்து 5-0 என்று நொறுங்கியது. அந்தத் தொடரில் இங்கிலாந்துக்காக அதிக ரன் எடுத்தவர் பீட்டர்சன், 294. இரண்டாவது இடம் கார்பெரி, 281. ஜான்சனின் புதுப்பந்தை ஐந்து டெஸ்டிலும் ஓப்பனராகச் சந்தித்தவர் அவர். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. தொடர் தோற்றதற்கு யாராவது விலை கொடுக்க வேண்டும், கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அணியின் மற்றவர்கள் எல்லோரையும்விட அதிகம் தாக்குப்பிடித்த ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த கோடையில் புதிதாக ஒருவரைத் தேடினார்கள்.

12 பேரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம் என்பதையும் கவனிக்க வேண்டும். காம்ப்டன் மெதுவாக ஆடுகிறார் என்று குறைப்பட்டார்கள். பிறகு அடித்து ஆடும் ஹேல்ஸைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 19 வயது ஹமீத், நிதானத்தின் உருவம். ஒருவர் போனதும் அவருக்கு நேரெதிரான ஒருவர். தங்களுக்கு எப்படிப்பட்ட ஓப்பனர் வேண்டும் என்று தேர்வாளர்கள் ஒருபோதும் முடிவு செய்யவில்லை என்றுதான் இதைப் பார்த்தால் தெரிகிறது. குக் போன பிறகும் அதே கதை. 2019இல் உலகக் கோப்பையில் வெள்ளைப் பந்தை வெளுத்து வாங்கிய ஜேசன் ராயை ஆஷஸில் தொடக்கத்தில் இறக்கினார்கள். தொடர் முடிவதற்குள் அவர் முதலில் கீழே தள்ளப்பட்டு, பிறகு அணியிலிருந்தே போனார். 2021 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் பந்திலேயே ஸ்டார்க் ரோரி பர்ன்ஸின் லெக் ஸ்டம்பைப் பறித்தார்.

இதற்குத் தேர்வாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளூர் ஆட்டம் எங்கே, எப்போது நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கோடையின் நடுப்பகுதியை வெள்ளைப் பந்து ஆட்டங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதத்திலும் செப்டம்பரிலும் நடக்கிறது. ஈரமான ஆடுகளம், இங்கிலாந்தில் பயன்படும் டியூக்ஸ் ரகப் பந்து. மிதவேகத்தில் தையலைத் தரையில் குத்துகிறவர் அங்கே ராஜா. அப்படிப்பட்ட இடத்தில் ஓப்பனரின் சராசரி 35 என்றால் அவர் நன்றாக ஆடுகிறார் என்று அர்த்தம். ஆனால் 145 கிலோமீட்டர் வேகத்தில் மார்புக்கு எகிறும் பந்தை அவர் அங்கே பார்த்திருக்கவே மாட்டார். சராசரியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், பிரிஸ்பேனில் என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லாது.

அதனால்தான், உள்ளூர் ஓப்பனரைப் பார்க்கப் போகும் தேர்வாளர் ரன் கணக்கைவிட வேறு சிலவற்றை எழுதிவர வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் 20 ஓவரில் எத்தனை முறை அவுட்டாகிறார்? எப்படி அவுட்டாகிறார்? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை அடிக்காமல் விடும்போது, தன் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் விடுகிறாரா, பயத்தில் விடுகிறாரா? இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம் நேரம் பார்த்தாலே புரியும். முரளி விஜய் நன்றாக ஆடிய காலத்தில், 2014இல் டிரென்ட் பிரிட்ஜில் 146 எடுத்தபோது, அவர் பந்தை விடுவதைப் பார்ப்பதே தனி இன்பம். கையைத் தூக்கி, மட்டையை உள்ளே இழுத்து, பந்து கீப்பரிடம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அடிக்க முடியாததால் விட்ட பந்துகள் இல்லை அவை. பந்து வீச்சாளரை இன்னும் நேராகப் போட வைக்க வேண்டும் என்பதற்காக விட்டவை.

பந்தின் ரகமும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் பயன்படும் கூக்கபரா பந்தின் தையல் சீக்கிரம் படுத்துவிடும். முதல் 20, 25 ஓவரைத் தாண்டிவிட்டால் வாழ்க்கை கொஞ்சம் எளிது. டியூக்ஸ் பந்து அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, 50 ஓவர் ஆன பிறகும் ஸ்விங் ஆகலாம். அங்கே அடம் மட்டும் போதாது, ரன்னும் ஓட வேண்டும். 2021இல் இங்கிலாந்தில் ரோஹித்தும் ராகுலும் இரண்டையும் செய்தார்கள். டிரென்ட் பிரிட்ஜில் முதல் விக்கெட்டுக்கு 97, லார்ட்ஸில் 126. லார்ட்ஸில் ராகுல் 129 எடுத்தார், ரோஹித் 83. இத்தனைக்கும் ராகுல் அந்தத் தொடருக்கு ஓப்பனராகப் போகவில்லை. கில் காயம், அகர்வாலுக்கு வலைப்பயிற்சியில் ஹெல்மெட்டில் அடி. அதனால் கிடைத்த இடம்.

இங்கே ஒரு கேள்வி வரும். அப்படியானால் யாரை வேண்டுமானாலும் மேலே தள்ளிவிடலாமா? ரோஹித்தே நடுவரிசையிலிருந்து வந்தவர்தானே?

ஆமாம். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் முதல்முறை தொடக்கத்தில் இறங்கி 176, 127. அவருக்கு முன் சேவாக். 2001இல் புளோம்ஃபோன்டைனில் 6ஆம் எண்ணில் வந்து அறிமுக சதம் அடித்தவர். அடுத்த வருடம் லார்ட்ஸில் தொடக்கத்துக்கு அனுப்பப்பட்டு 84 எடுத்தார். நியூசிலாந்தின் மார்க் ரிச்சர்ட்சன் இடக்கை சுழற்பந்து வீச்சாளராகத் தொடங்கியவர். 29 வயதில் ஓப்பனராக டெஸ்டுக்கு வந்து 38 டெஸ்டில் 44க்கு மேல் சராசரி வைத்தார். 2007இல் இங்கிலாந்தில் தினேஷ் கார்த்திக்கும் வாசிம் ஜாஃபரும் டிரென்ட் பிரிட்ஜில் சேர்த்த 147தான் அந்தத் தொடரை இந்தியா வெல்ல அடித்தளம் போட்டது. கார்த்திக் கீப்பராக அணிக்குள் வந்தவர். அந்தத் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தவரும் அவரே.

இவர்களிடம் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. நடுவரிசையில் இவர்களுக்கு இடமில்லை, அல்லது இருந்த இடம் உறுதியில்லை. சேவாக் காலத்தில் நடுவரிசையில் டிராவிட், டெண்டுல்கர், கங்குலி, லக்ஷ்மண். அங்கே எங்கே நுழைவது? ஓப்பனிங் அவர்களுக்குத் திறந்த ஒரே கதவு. அதனால் முழு மனதோடு போனார்கள்.

நேர்மாறாக, நடுவரிசையில் அணியைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பிடுங்கி மேலே நடுவது இருக்கிறதே, அதை நான் அறவே ஏற்கவில்லை. லக்ஷ்மணைப் பல வருடம் அப்படித்தான் இழுத்தடித்தார்கள். 2000 ஜனவரியில் சிட்னியில் ஓப்பனராக 167 அடித்தார், உண்மைதான். ஆனால் இனி தொடக்கத்தில் இறங்குவதில்லை என்று அவரே முடிவு செய்தார். அடுத்த வருடம் கொல்கத்தாவில் 3ஆம் எண்ணில் 281. வார்னர் ஓய்வு பெற்றதும் 2024இல் ஸ்டீவ் ஸ்மித் தானாக முன்வந்து தொடக்கத்தில் இறங்கினார். பிரிஸ்பேனில் கடைசிவரை நின்று 91 எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகளின் ஷமார் ஜோசப் 7 விக்கெட் எடுக்க ஆஸ்திரேலியா 8 ரன்னில் தோற்றது. மற்றபடி அந்த 4 டெஸ்டில் பெரிதாக எதுவும் இல்லை. மீண்டும் 4ஆம் எண்ணுக்குப் போய்விட்டார். ஓர் ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டையைப் போடுகிற வேலை இது. வலுவான ஆஸ்திரேலியா தாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு போராடும் அணி தாங்காது. ரூட்டையும் 2013இல் லார்ட்ஸில் ஓப்பனராக 180 அடித்த பிறகும் கீழே இறக்கினார்கள். இங்கிலாந்து அந்தப் பத்தாண்டில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

இனி காலம். எத்தனை டெஸ்ட் கொடுப்பது?

இலங்கையின் மார்வன் அட்டப்பட்டுவின் முதல் 6 டெஸ்ட் இன்னிங்ஸில் 5 டக் (ரன்னே எடுக்காமல் அவுட்), ஒரு 1. கடைசியில் 90 டெஸ்ட், 5502 ரன், 16 சதம், அதில் 6 இரட்டைச் சதம். டீன் எல்கர் 2012இல் பெர்த்தில் அறிமுகமாகி இரண்டு இன்னிங்ஸிலும் டக். பின்னாளில் ஓப்பனராக, அணித்தலைவராக, 2022இல் வாண்டரர்ஸில் உடம்பெல்லாம் அடி வாங்கி ஆட்டமிழக்காமல் 96 எடுத்து தென்னாப்பிரிக்காவை வெல்ல வைத்தார். திமுத் கருணாரத்ன 2012இல் காலியில் முதல் இன்னிங்ஸில் டக். அவரை வைத்துக்கொண்டதால்தான் இலங்கைக்கு 100 டெஸ்ட் ஆடிய ஓப்பனர் கிடைத்தார். 2019இல் தென்னாப்பிரிக்காவில் 2-0 என்று வென்ற அணித்தலைவரும் அவரே.

இதைச் சொல்லி எல்லோரையும் எல்லாக் காலமும் வைத்திருக்கச் சொல்லவில்லை. சொந்த மண்ணில் ஒரு தொடர், வெளிநாட்டில் ஒரு தொடர், மொத்தம் எட்டுப் பத்து டெஸ்ட். அதற்கு முன் எடுத்தால், ஆடுகளத்தின் தவறா ஆட்டக்காரரின் தவறா என்றே தெரியாது. அதற்குப் பிறகும் ஒரே விதமாக அவுட்டாகிக்கொண்டிருந்தால், உதாரணமாக உள்ளே வரும் பந்துக்குத் தொடர்ந்து கால் குறுக்கே போனால், அனுப்பிவிடலாம். நல்ல பந்துகளுக்கு நான்கு முறை அவுட்டானவரையும் ஒரே தவறை நான்கு முறை செய்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இருவரையும் ஒரே நேரத்தில் மாற்றவும் கூடாது. மெல்போர்னில் பலித்தது உண்மை. ஆனால் அது எப்போதாவது பலிக்கும்.

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் நேத்தன் மெக்ஸ்வீனியை அறிமுகப்படுத்தி 3 டெஸ்டில் கைவிட்டது. எதிரே இருந்தவர் தன் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த பும்ரா. மெக்ஸ்வீனி வழக்கமான ஓப்பனரும் இல்லை. அவருக்குப் பதிலாக வந்த 19 வயது கான்ஸ்டாஸ் மெல்போர்னில் பும்ராவையே தலைக்குப் பின்னால் தூக்கி அடித்து 60 எடுத்தார். அடுத்த இலங்கைத் தொடரில் அவருக்கும் ஆட இடம் கிடைக்கவில்லை. ஒரே கோடையில் இரண்டு இளைஞர்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இங்கிலாந்து கடைசியில் எப்படி மீண்டது என்பதும் இங்கே பொருந்தும். 2022இல் அணித்தலைவராக ஸ்டோக்ஸும் பயிற்சியாளராக மெக்கல்லமும் வந்தபோது சாக் கிராலியின் எண்களைப் பார்த்து எல்லோரும் வெளியே அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் அனுப்பவில்லை. 2016இல் இந்தியாவில் அஷ்வினிடம் திணறி வெளியேறிய டக்கெட்டை ஆறு வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். ராவல்பிண்டியில் முதல் விக்கெட்டுக்கு இருவரும் 233. 2025இல் ஹெடிங்லியில் இந்தியாவுக்கு எதிராக 371 ரன்னைத் துரத்தியபோது 188. அவர்கள் ஆடும் வேகத்தோடு எனக்கு எப்போதும் உடன்பாடு இல்லை. கிராலி டிரைவ் ஆடி ஸ்லிப்பில் பிடிபடும்போது கோபமும் வரும். ஆனால் ஒருவர் நெட்டை, வலக்கை. மற்றவர் குட்டை, இடக்கை. பந்து வீச்சாளர் ஒவ்வொரு ஒற்றை ரன்னுக்கும் நீளத்தையும் திசையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், அடுத்த டெஸ்டில் தாங்கள் இருப்போம் என்று இருவருக்கும் தெரியும். முந்தைய 12 பேருக்கு அது தெரியாது.

இப்போது என் மனத்தை அதிகம் வாட்டுவது மேற்கிந்தியத் தீவுகள். கிரீனிட்ஜும் ஹெய்ன்ஸும் ஜோடியாக 6482 ரன் சேர்த்த அணி. 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னில் சுருண்டது. 7 பேர் டக். கிரெய்க் பிராத்வெய்ட் அதற்கு முந்தைய டெஸ்டில்தான் தன் 100ஆவது டெஸ்டை ஆடியிருந்தார். 2016இல் ஷார்ஜாவில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆட்டமிழக்காமல் நின்று அணியை வெல்ல வைத்தவர். அந்தத் தொடரில் ரன் வரவில்லை என்பதால் கிங்ஸ்டனில் அவரை நிறுத்திவிட்டு, இளஞ்சிவப்புப் பந்து டெஸ்டில், விளக்கு வெளிச்சத்தில் ஸ்டார்க் முன்னால் ஓர் அறிமுக ஆட்டக்காரரைத் தொடக்கத்தில் இறக்கினார்கள். பிராத்வெய்டை மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கலாம். ஆனால் அந்த டெஸ்ட் அதற்கான இடமே இல்லை. கெவ்லான் ஆண்டர்சன் என்ற அந்த இளைஞருக்கு யாரும் நன்மை செய்யவில்லை.

அந்த 27 ரன் இன்னிங்ஸின் முதல் பந்தில் அவுட்டானவர் ஜான் கேம்பல். அடுத்த மூன்று மாதத்தில், 2025 அக்டோபரில், டெல்லியில் ஃபாலோ ஆன் வாங்கி, அதாவது மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வேண்டிய நிலையில், அதே கேம்பல் இந்தியச் சுழலை எதிர்த்து 115 அடித்தார். ஷாய் ஹோப்போடு 177 ரன் கூட்டணி. 2019இல் அறிமுகமானவருக்கு, 32 வயதில், முதல் டெஸ்ட் சதம். கிங்ஸ்டனோடு அவரையும் தூக்கியிருந்தால் இந்தச் சதம் யாருக்கும் கிடைத்திருக்காது. டேக்நரைன் சந்தர்பாலும் அவசரமில்லாத இடக்கை ஆட்டக்காரர், 2023இல் புலவாயோவில் பிராத்வெய்டோடு 336 ரன் சேர்த்து ஆட்டமிழக்காமல் 207 எடுத்தவர். நான் தேர்வாளராக இருந்தால் இவர்கள் இருவரையும் கூப்பிட்டு, சொந்த மண்ணில் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு முழுத் தொடருக்கு நீங்கள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதைப் பத்திரிகையாளர்கள் முன்னாலும் சொல்வேன். இடையில் இரண்டு டக் வந்தாலும் அடுத்த டெஸ்டின் பட்டியலில் முதல் இரண்டு பெயர் அவர்களுடையதாகவே இருக்கும்.